உள்வெள்ளை

சம்பங்கி வாலைத் தூக்கினாள். தூக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, யாரோ வேண்டாம் என்று சொன்ன மாதிரி மறுபடியும் கீழே போட்டாள். ஹேமாவதி முக்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தான் மூச்சு விட்டால் பாம்புக்குப் பிரசவம் நின்றுபோகும் என்று ஒரு நினைப்பு, அந்த நினைப்பைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு. கொளத்தூரில் பிறந்து, மீன்தொட்டிகளுக்கு நடுவில் தவழ்ந்து, கப்பி மீன் குட்டி போடுவதைச் சலிக்கச் சலிக்கப் பார்த்தவள். மீன் குட்டி போடுவதற்கு யாரும் மூச்சைப் பிடிப்பதில்லை. ஆனால் இது போவா. முட்டையிடுகிற ஜாதி இல்லை. வயிற்றிலேயே வைத்திருந்து குட்டியாகவே போடும். ஆளை விட நீளமான பாம்பு, வெள்ளையும் மஞ்சளுமாக, முதுகில் வரிசையாக ஆரஞ்சுப் பட்டைகள், கண் இரண்டும் மாதுளை முத்து நிறம். இந்த நிறத்தைப் பார்த்துத்தான் சம்பங்கி என்று பெயர் வைத்தாள், பாம்புக்குப் பூப்பெயர் வைத்தவள் நீ ஒருத்திதான் என்று தெருவே சிரித்தது, சிரிக்கட்டும். வெளியே ஆடி மாதத்து அம்மன் கோவில் ஒலிபெருக்கி காலையிலிருந்து ஓயவில்லை. சத்தம் பாம்புக்குக் காதில் கேட்காது, தரையில் கேட்கும் என்று படித்திருக்கிறாள். அதனால் பாம்பு கிடந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில் பழைய மெத்தையை மடித்துப் போட்டிருந்தாள். பிள்ளை பெறுகிறவளுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை என்று நினைத்தாள், எனக்கு யார் போட்டார்கள் மெத்தை, பெரியாஸ்பத்திரி இரும்புக் கட்டில், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி ஓயாமல் முருகா முருகா என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்த முருகாவுக்கு என்ன குழந்தை பிறந்ததென்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனவை எல்லாம் இப்படித்தான், சமயம் பார்த்து எழுந்து வரும்.

“இன்னா, ஆச்சா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. குமரவேல், அவள் புருஷன். மீன்தொட்டிக்குக் கண்ணாடி வெட்டி ஒட்டுகிற வேலை, அதனால் எந்நேரமும் ஏதாவது ஒரு விரலில் துணி சுற்றியிருக்கும்.

“ஆனா சொல்ல மாட்டனா? சாப்ட்டு தட்டக் கழுவி வையி.”

“நீ சாப்டல?”

“எனக்கு இப்ப சோறு எறங்காது.”

இறங்காதுதான். தொண்டையில் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கும்போது சோறு எந்த வழியாகப் போகும். கேள்வி ஒன்றே ஒன்று: அண்ணன் பொய் சொன்னானா, சொல்லவில்லையா. பக்கத்து டப்பாவில் மாப்பிள்ளை சுருண்டு கிடந்தான், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல. மாப்பிள்ளை என்பது பாம்பின் பெயர், வைத்தவன் லோகநாதன், அவள் கூடப்பிறந்த அண்ணன், மீன்கடை வைத்திருக்கிறவன். துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்தவன், ‘மாப்ளைய நல்லா பாத்துக்க. வெளிய பாத்தா உன் கலரு, உள்ள வெள்ளை’ என்று சொல்லிச் சிரித்தான். மேலுக்குப் பார்த்தால் காய்ந்த சருகு நிறம், கரும்பழுப்புப் பட்டைகள், எந்தக் காட்டிலும் கிடக்கிற மாதிரி ஒரு பாம்பு. உள்ளே மட்டும் வெள்ளைக்கான விதை ஒன்று இருக்கிறதாம். தொழிலில் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு, ஹேமாவதி அதை உள்வெள்ளை என்றுதான் சொல்வாள். அம்மாவிடமிருந்து ஒரு விதை, அப்பாவிடமிருந்து ஒரு விதை, இரண்டும் ஒரே குட்டியில் வந்து சேர்ந்தால்தான் வெள்ளைக்குட்டி. ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது வெளியே தலை காட்டாது. தோலைத் தடவிப் பார்த்தோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோ உள்வெள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. கொடுக்கிறவன் சொல்வான், வாங்குகிறவன் நம்புவான், குட்டி பிறக்கும்போது தெரியும். வேறு எந்த வியாபாரத்தில் இப்படி உண்டு? மாம்பழத்தையாவது முகர்ந்து பார்க்கலாம். இங்கே வாய்ச்சொல்தான் சரக்கு. அண்ணன் சொன்னான், அவள் நம்பினாள், அது என்னமோ உன் கலரு என்று சொன்னதுதான் கொஞ்சம் நெருடியது.

அண்ணன் நிறம் அம்மா நிறம், கோதுமை. அப்பாவும் சிவப்புதான். நடுவில் இவள் மட்டும் அடுப்புக்கரி மாதிரி வந்து விழுந்தாள். விழுந்தபோது ஆஸ்பத்திரியில் ஆயா துணியை விலக்கிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாளாம், அதை அம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பாள் போல, சொல்லாமல் மூடியதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. அதற்கப்புறம் வந்து பார்த்தவர்கள் எல்லாம் இது யார் ஜாடை, யார் ஜாடை என்று கேட்டார்கள். கேட்பதில் ஒரு ஊசி இருந்தது, குத்தியது அம்மாவை. அப்பா மட்டும் எங்க அத்தை நிறம் என்று சொல்லிவிட்டார். அந்த அத்தையை யாரும் பார்த்ததில்லை, சின்ன வயதிலேயே போய்விட்டாள், போட்டோ கிடையாது. அப்பா சொன்னார், அவ்வளவுதான். வீடு நம்பியது, அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டது. அத்தை என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாளா என்று ஹேமாவதி எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள், வருத்தத்தில் அல்ல, வெறும் ஆவலில். நிறம் எங்கிருந்து வருகிறது, எங்கே ஒளிந்துகொள்கிறது, ஒரு தலைமுறை முழுக்க யார் உடம்பில் தூங்குகிறது. அப்பா மீன் குஞ்சுகளைப் பொறுக்கும்போதும் அதே யோசனைதான். கலர் வராத குஞ்சுகளை வலையில் அள்ளிப் பெரிய மீன் தொட்டியில் கொட்டுவார், கழிசல் என்பார். தண்ணீர் ஒரு நிமிஷம் கொதிக்கும், அப்புறம் அமைதி. அவள் அழுததைப் பார்த்து அண்ணன் ஒரே ஒரு சாம்பல் குஞ்சை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துக் கொடுத்தான், இது உனக்கு, அப்பாகிட்ட சொல்லாத. அது ரெண்டே நாளில் செத்துப்போனது. செத்ததற்கும் அவன்தான் குழி தோண்டினான், கருவேப்பிலைச் செடிக்கு அடியில்.

சம்பங்கியின் வயிற்றில் ஒரு அலை போயிற்று. தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரைக்கும், மெதுவாக, சப்பாத்தி மாவை உள்ளங்கையால் தள்ளுகிற மாதிரி. அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை.

அந்தத் தடவையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது சம்பங்கி இல்லை, பெங்களூர்க்காரி. பெங்களூரில் ஒரு ஆளிடம் வாங்கிய பெட்டை, அதுவும் பழுப்புதான், அதுவும் உள்வெள்ளை என்றுதான் சொன்னான். குளிரூட்டிய கடை, கண்ணாடிக் கதவு, சுத்தமான இங்கிலீஷ். அவளை மாப்பிள்ளையோடு சேர்த்தாள். உள்வெள்ளையும் உள்வெள்ளையும் சேர்ந்தால் நாலில் ஒன்று வெள்ளை விழ வேண்டும். ஒரு டப்பா நிறையக் குட்டி போட்டாள் பெங்களூர்க்காரி, எல்லாம் கொழுகொழுவென்று, எல்லாம் பழுப்பு. ஹேமாவதி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், துடைத்தால் வெள்ளையாகிவிடுமா என்ன. ரத்தம் தலைக்கு ஏறியது. பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸாப் குழுவில் ஒரு போட்டோ போட்டு, கூடவே குரல் பதிவும் போட்டாள்: ‘எங்கண்ணன் குடுத்த வெள்ளைங்க எல்லாம் பாத்துக்குங்க. அவரு வாயிலதாங்க வெள்ளை.’ நன்றாகச் சொன்னாள் என்று நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். வாய்ச்சொல்தான் சரக்கு என்கிற இடத்தில் ஒருத்தன் சொல் போனால் அவனிடம் வேறு என்ன மிச்சம்? அதற்கப்புறம் லோகநாதனிடம் யாரும் ஒரு பாம்புக்குட்டி கேட்டதில்லை. அவன் திருப்பித் திட்டவில்லை, குழுவை விட்டு வெளியேறினான், போன் பண்ணி ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: ‘உன் பெட்டைய யோசிச்சியா?’ வைத்துவிட்டான். அவள் யோசிக்கவில்லை. அடுத்த வருஷம் மகள் பெரியவளானபோது தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் குமரவேலின் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவன் தட்டோடு நின்றான், பாவம், மாலையை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியவில்லை அவனுக்கு. மகள் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் இவரு யாரும்மா என்று கேட்கிறாள்.

யோசித்தது பிறகுதான், ஒரு நாள் துணி காயப்போடும்போது. நான் ஏன் அண்ணன் சொன்னதைப் பொய் என்றேன்? இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தன் முன்பின் தெரியாதவன், கண்ணாடிக் கதவுக்காரன். இன்னொருத்தன் கருவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டினவன். குட்டி எல்லாம் பழுப்பு என்றால் இரண்டு பேரில் யாரோ ஒருத்தன் சொன்னது தப்பு, யார் என்று குட்டிகள் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். கையிலிருந்த ஈரத்துணி பாவாடையை நனைத்தது, அதுகூடத் தெரியாமல் நின்றாள். தெரிந்துகொள்ள ஒரே வழி, கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் பெட்டையை மாப்பிள்ளையோடு சேர்ப்பது. வெள்ளைக்கு யார் வாக்கும் வேண்டாம், அது தோலிலேயே எழுதியிருக்கிறது. அவளிடமிருந்து விதை வந்தே தீரும். மாப்பிள்ளையிடமும் இருந்தால் பாதிக்குப் பாதி வெள்ளை விழும். இல்லையென்றால் ஒன்றுகூட விழாது. அப்படி வாங்கியவள்தான் சம்பங்கி, கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிற அளவுக்கு இருந்தாள். வளர்ந்து பருவத்துக்கு வர நாலு வருஷம். ஒரு கேள்விக்கு நாலு வருஷம் எலி போட்டு வளர்த்தவள் ஊரிலேயே நீதான் என்பான் குமரவேல். கார்த்திகை பிறந்ததும் இந்த அறைக்கு ஏசி போட்டுக் குளிர வைத்து, மாப்பிள்ளையைக் கொண்டு போய் அவள் டப்பாவில் விட்டாள். தை வரைக்கும் இருந்தான். பார்க்கும்போதெல்லாம் அவன் ஒரு மூலை, இவள் ஒரு மூலை. ‘சண்ட போட்ட புருஷன் பொண்டாட்டி மாரி கெடக்குதுங்க, நீ ஏன்டி நடுவுல போயி போயி எட்டிப் பாக்குற’ என்றான் குமரவேல். வால் வாலோடு பின்னி இணைந்து கிடப்பதை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் வயிறு வந்தது. வயிறு வந்ததும் அவள் அதை மறந்துபோனாள்.

வால் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை கீழே விழவில்லை. அடியில் பிளவு விரிந்து, முதலில் கொஞ்சம் நீர், பிறகு ஒரு மினுமினுப்பு, பாலிதீன் பையில் எதையோ சுருட்டி வைத்த மாதிரி. பச்சை ரத்தமும் ஈர மண்ணும் கலந்த வாடை அறை முழுக்க எழும்பியது. பை வெளியே வந்து காகிதத்தின்மேல் விழுந்து உருண்டது. உள்ளே ஒரு சுருள் அசைந்தது, மூக்கு முட்டியது, பை கிழிந்தது. தலை ஒன்று வெளியே வந்து, முதல் காற்றை இழுத்து, நாக்கை நீட்டியது. நாக்கு ரோஸ். தலை வெள்ளை. உடம்பு வெள்ளை, ரோஜா இதழ் நிறத்தில் பட்டைகள்.

“ஏங்க! இங்க வா! சீக்கிரம் வா!”

குமரவேல் சோற்றுக்கையோடு ஓடிவந்து வாசல்படியில் நின்றான். குட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அப்ப உங்கண்ணன் சொன்னது நெசந்தான்” என்றான்.

அவ்வளவு சுலபமாக அவன் சொல்லிவிட்டான். நிஜம்தான். சிரிக்கிற பொம்மைகள் அத்தனையும் என் மூஞ்சியில், நல்லா வேணும் எனக்கு. சந்தோஷமா என்று தன்னையே கேட்டாள். சந்தோஷம்தான், அண்ணன் திரும்பக் கிடைத்தான். ஆனால் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு முள், இத்தனை வருஷமாக நான் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று வைத்திருந்த இடம் காலியாகிவிட்டது, அதில் இனி என்னத்தை வைப்பது. கை ஜாக்கெட்டுக்குள் இருந்த போனைத் தேடியது. என்ன சொல்வது? அண்ணா என்றா, லோகு என்றா, சண்டை வந்தால் லோகு என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளை விழுந்திச்சுண்ணா. அதற்கு அவன் என்ன சொல்வான், ம் என்பான். இரண்டாவது பை விழுந்தது, அதுவும் வெள்ளை. அடுத்து வந்தது குட்டியில்லை, மஞ்சள் கட்டியாக ஒரு கூமுட்டை, கருப்பிடிக்காதது. அதற்கும் பின்னால் வரிசையாக இன்னும் நாலைந்து கூமுட்டை. பிறகு மூன்றாவது வெள்ளை. அவள் விரல் போனின்மேலேயே நின்றது. பாதிக்குப் பாதிதானே விழ வேண்டும். மூன்றும் வெள்ளையா. நாணயத்தைச் சுண்டினால் மூன்று தடவை தலை விழாதா, விழும். விழும்தான். ஆனால் இத்தனை கூமுட்டை ஏன்.

அப்போதுதான் அது வந்தது, நடு நெஞ்சில், குளிர்ந்த கை வைத்த மாதிரி. வேலூரில் ஒருத்தர் வீட்டில் நடந்ததாகக் குழுவில் போட்டிருந்தார்களே. ஆணையே பார்க்காமல் தனியாகக் கிடந்த பெட்டை போவா, ஒரு நாள் குட்டி போட்டு வைத்தது. அப்படியும் நடக்குமாம், ரொம்ப அபூர்வம். அம்மா தன்னிலிருந்தே எடுத்துத் தன்னையே திரும்பப் போடுவாள். குட்டி கொஞ்சம், கூமுட்டை நிறைய. எல்லாம் பெட்டை, அம்மா வெள்ளையென்றால் எல்லாம் வெள்ளை. அப்பா என்று ஒருத்தன் அதில் கிடையாது. வால் பின்னிக் கிடந்ததை நான் பார்த்தேனா? இல்லை. அவன் ஒரு மூலை, இவள் ஒரு மூலை. இந்த வெள்ளைகள் மாப்பிள்ளையின் வெள்ளை என்று யார் சொன்னது? இவள் தனியாகவே பெற்றிருக்கலாம், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். பெண் பிள்ளைகள் சில பேர் அப்படித்தானே, கூட ஒருத்தன் கிடக்கிறான் என்பதற்காக அவனை எதற்கும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் அழுகையாகிவிடும் போலிருந்தது. வெள்ளை சாட்சி இல்லை. வெள்ளை மட்டும் எத்தனை விழுந்தாலும் சாட்சி இல்லை. மாப்பிள்ளை இதில் இருக்கிறான் என்பதற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான். கறுப்பு. அம்மாவிடம் இல்லாத கறுப்பு அப்பாவிடமிருந்துதான் வர முடியும். சம்பங்கி குட்டியிலிருந்தே இந்த அறையில்தான் வளர்ந்தாள், வேறு ஆணை அவள் கண்டதில்லை. சருகு நிறத்தில் ஒரே ஒரு குட்டி வந்தால் போதும், அப்பன் உண்டு என்றாகும். அப்பன் உண்டு என்றால்தான் இந்த வெள்ளைகளில் அவன் பங்கும் உண்டு. நாலு வருஷம் ஒரு வெள்ளைக்காகக் காத்திருந்தாள். இப்போது வெள்ளை வந்து குவிகிறது, அவள் ஒரு கறுப்புக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் செருப்புச் சத்தம், கீழ்வீட்டு ஜோதி. கோவில் கூழைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தவள் அறைக்குள் நுழையவில்லை, அவள் என்றைக்கும் நுழைந்ததில்லை, வாசல்படிக்கு அப்பாலிருந்தே கழுத்தை நீட்டினாள்.

“இன்னா ஹேமா, கொயந்த பொறந்திச்சா? ஆடி மாசத்துல நாகம்மா ஊட்டுக்குள்ளயே பெத்துப் போடுது, பாலு வெக்கட்டா?”

“பாலெல்லாம் குடிக்காதுக்கா. மூணு பொறந்திருக்குது.”

“ஐயே, எல்லாம் வெள்ள வெள்ளயா! குடுத்து வெச்சவடி நீ.”

“கறுப்பு ஒண்ணு வரணும்க்கா. ஒண்ணாவது வரணும்.”

ஜோதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ஊர்ல எவளாவது இப்டி வேண்டிக்கினு பாத்துக்கிறியா?” என்று குமரவேலிடம் சொல்லிவிட்டு, தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

நாலாவதும் வெள்ளை. அதற்குப் பிறகு சம்பங்கி நிறுத்திவிட்டாள். தலையை டப்பா ஓரத்தில் சாய்த்து, களைத்து, நாக்கைக்கூட நீட்டாமல் கிடந்தாள். வயிறு இறங்கிப் பை மாதிரித் தொங்கியது. முடிந்ததா? வால் பக்கம் ஒரு மேடு இருந்தது, இருந்த மாதிரி இருந்தது, விளக்கு நிழலாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்க்கக் கூடாது. பெற்றுக்கொண்டிருக்கிறவளைத் தொட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே நின்றுவிடும், நின்றால் சம்பங்கியும் போவாள். ஹேமாவதி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒலிபெருக்கி எப்போது நின்றது என்று தெரியவில்லை. அமைதியில் தெர்மோஸ்டாட் டக் என்று அணைந்து டக் என்று எரிந்தது. இந்த நாலு வெள்ளையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. எங்கண்ணன் சொன்னது நிஜம், மன்னிச்சுக்குங்க. யார் கேட்கப்போகிறார்கள், வால் பின்னியதைப் பார்த்தாயா என்று? அண்ணனுக்கும் மனசு குளிரும். எல்லாருக்கும் நல்லது. பொய்கூட இல்லை அது, ஒருவேளை நிஜமாகவே இருக்கலாம். இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போன தடவை ஒரு இருக்கலாமைத்தான் ஆமாம் என்று ஊரெல்லாம் சொன்னாள். இந்தத் தடவை அதையே திருப்பிப் போட்டு இன்னொரு ஆமாம் சொன்னால், அண்ணன் வந்து கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான், நான் அவன் முகத்தைப் பார்த்து உள்ளுக்குள் இவன் சொன்னது நிஜமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், சாகும் வரைக்கும். அம்மா அப்பாவை அப்படித்தான் பார்த்திருப்பாளோ? எங்க அத்தை நிறம் என்று அவர் சொன்னபோது. அம்மாவுக்குத் தெரியும் தான் தப்பு செய்யவில்லை என்று, அவளுக்குத் தெரியும்; ஆனால் அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னாரா, அவளைக் காப்பாற்றுவதற்காக ஒரு அத்தையைப் பிறப்பித்தாரா, அது அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது. கேட்கவும் முடிந்திருக்காது. ஒரு கறுப்புக் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எத்தனை ராத்திரி சும்மா படுத்திருந்தார்களோ. எனக்குத் தெரிய வேண்டும், என்று ஹேமாவதி வாய்விட்டுச் சொன்னாள். அவன் பொய் சொன்னான் என்றாலும் பரவாயில்லை, எனக்குத் தெரிய வேண்டும். சொன்ன பிறகு அது நிஜமா என்று யோசித்தாள். பரவாயில்லை இல்லை. அண்ணன் பொய் சொல்லியிருக்கக் கூடாது. வா, என்றாள் பாம்பின் வயிற்றைப் பார்த்து. யாராக இருந்தாலும் வா. கறுப்பாக வா. உன்னை யாரும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூட மாட்டார்கள்.

மேடு நகர்ந்தது. நிழல் இல்லை. ஒரு அலை, இன்னொரு அலை, சம்பங்கி உடம்பை முறுக்கித் தலையை உயர்த்தி வாயை லேசாகத் திறந்து மூடினாள். பை பாதி வெளியே வந்து நின்றது. சவ்வுக்கு உள்ளே ஏதோ மங்கலாக இருந்தது. ரத்தமாக இருக்கும், ரத்தம் கட்டினால் அப்படித்தான் தெரியும், இல்லை செத்ததாக இருக்கும், செத்த குட்டி நிறம் மாறும். அவள் கண்ணைச் சுருக்கி, டப்பா ஓரத்தில் நெற்றி படுமளவு குனிந்தாள். பை விழுந்தது. அசையவில்லை. மூச்சு விடு, மூச்சு விடு, மூச்சு விடு. ஒரு மூலையில் சவ்வு கூம்பியது, கூம்பி, பிய்ந்தது. வெளியே வந்த தலை சருகு நிறம். பின்னால் வந்த உடம்பில் கரும்பழுப்புப் பட்டைகள், ஒன்றுவிடாமல், மாப்பிள்ளையின் முதுகிலிருந்து பிரதி எடுத்த மாதிரி. கண் கறுப்பு. நாக்கு கறுப்பு. அதை நீட்டி அவளை ஒருமுறை ருசி பார்த்துவிட்டு, நாலு வெள்ளைகளுக்கு நடுவில் தலையைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டது. அதன் பின்னாலேயே இன்னொரு கறுப்பு வந்தது, அதற்கு அவசரம், சவ்வைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஊர்ந்தது.

ஹேமாவதி அழுதாள். மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எண் அழியாமல்தான் இருந்தது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டான் என்று நினைத்த கணத்தில் எடுத்தான். தொட்டி மோட்டார்கள் குமிழ் விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அவன் கடையில் இருக்கிறான்.

“ண்ணா” என்றாள். “என் வெள்ளப் பெட்ட சம்பங்கி குட்டி போட்டுது. உன் மாப்ளைக்கி. வெள்ள விழுந்திச்சு.”

பிறகு அவன் குரல், அவள் எதிர்பார்த்த குரல் இல்லை, சொன்னேன்ல என்கிற குரல் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வாசலில் நிற்கிறவன் குரல்.

“கறுப்பு?” என்றான். “கூட கறுப்பு விழுந்திச்சா?”

ஆக அவனும் இதையே யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறான், வெள்ளை சாட்சி இல்லை என்பது வரைக்கும். பொய் சொன்னானா, நிஜம் சொன்னானா என்று இரண்டையே போட்டு அவள் நாலு வருஷம் உருட்டினாள். மூன்றாவதாக ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கும் தெரியாது. அவனிடம் அதைக் கொடுத்தவன் சொன்னான், அவன் நம்பினான், நம்பியதைத் தங்கையிடம் சொன்னான். அவள் ஊரறியப் பொய் என்றபோது அவனால் இல்லை என்று சொல்ல முடியாமல் போனது ஏன் என்றால், ஒருவேளை பொய்தானோ என்று அவனுக்கே சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடு இத்தனை வருஷம் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. எப்படிச் சொல்வான்.

“விழுந்திச்சுண்ணா. ரெண்டு. அச்சு மாப்ளையே.”

பெரிதாக ஒரு மூச்சு போனில் மோதியது. அவன் அழுகிறானா என்று காதை அழுத்திக் கேட்டாள். மோட்டார்ச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது, கடையை அணைத்துக்கொண்டிருக்கிறான்.

“நல்லா பாத்தியா? ரத்தங்கித்தம் ஒட்டினு கறுப்பா தெரியப்போவுது.”

“பாத்துட்டேன்ண்ணா.”

“நீ சொன்னா போதுமா? தொடாத. எதையும் நவுத்தாத. அப்டியே உடு, நான் வந்து பாத்துக்கறேன்.”